அத்தியாயம் 4: படத்தில் இருப்பது யாருடைய விமானம்?

பழைய விமானம் விற்பதாகச் சொல்லிப் பணம் பறிக்கிறவர்கள் படத்தில் ஒட்டு வேலை செய்துகொண்டு உட்கார்ந்திருப்பது குறைவு. அந்தச் சிரமமே அவர்களுக்குத் தேவையில்லை. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் ஆசையாகப் பராமரித்து, விற்பதற்காகவோ பெருமைக்காகவோ எடுத்துப் போட்ட படங்களை அப்படியே அள்ளிக்கொண்டு வருவார்கள். விலையைக் குறைத்து, தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டால் விளம்பரம் தயார். அதனால்தான் "இந்தப் படத்தில் ஏதாவது தில்லுமுல்லு இருக்கிறதா?" என்று மட்டும் தேடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். படம் அசல்தான், விற்கிறவர்தான் போலி. கீழே வரும் சோதனைகள் எல்லாம் படத்தில் இருப்பது எந்த விமானம், அது இன்று எங்கே நிற்கிறது, பதிவேட்டில் யார் பேரில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

உதாரணங்களை நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானங்களிலிருந்து எடுத்திருக்கிறேன். செஸ்னா 172, பைப்பர் செரோக்கி இரண்டும் உலகம் முழுக்கப் பறக்கிற ரகங்கள். 172 மட்டுமே 44,000-க்கு மேல் தயாராகியிருக்கிறது. பழைய சிறு விமானங்களின் பெரிய சந்தை அமெரிக்கா என்பதால் விதிகளும் பெரும்பாலும் அந்த நாட்டு விதிகள்தான்.

மோசடி விளம்பரத்தின் கதை அநேகமாக ஒரே அச்சில் வார்த்தது. விலை கண்ணை உறுத்தும் அளவுக்குக் குறைவாக இருக்கும். உரிமையாளர் வேலை நிமித்தம் வெளிநாடு போய்விட்டார், அல்லது கணவர் காலமாகிவிட்டார், விமானத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. விமானமும் வேறு ஏதோ நாட்டில் நிற்கிறது, அதனால் நேரில் பார்க்க வழியில்லை. ஆனால் கவலை வேண்டாம், ஒரு ஷிப்பிங் கம்பெனி வாசலுக்கே கொண்டுவந்து தரும், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ். இந்தக் கதையைக் கேட்டதுமே எழுந்து போய்விடலாம் என்பது என் கட்சி. கதை இவ்வளவு பட்டவர்த்தனமாக வராத விளம்பரங்களும் உண்டு. படங்களைச் சோதிக்கிற வேலை அவற்றுக்குத்தான்.

முதலில் டெயில் நம்பர்

விமானத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைத்தான் பைலட்டுகள் டெயில் நம்பர் என்கிறார்கள். விளம்பரத்தில் உள்ள எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் இறக்கிப் பெரிதாக்கி, எந்தெந்தப் படத்தில் எண் தெரிகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெளிப்புறப் படத்தில் ஓர் எண்ணும் காக்பிட் படத்தில் வேறோர் எண்ணும் தெரிந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

எண்ணின் தொடக்கத்தில் வரும் ஓரிரு எழுத்துகளே நாட்டைச் சொல்லிவிடும். 'என்' என்றால் அமெரிக்கா, 'ஜி' பிரிட்டன், 'சி' கனடா, 'டி' ஜெர்மனி, 'விஎச்' ஆஸ்திரேலியா, 'விடி' இந்தியா. அமெரிக்க எண்ணுக்கு ஓர் இலக்கணமும் உண்டு. 'என்' எழுத்துக்குப் பிறகு அதிகபட்சம் ஐந்து இடங்கள். அதில் முதல் இடத்தில் பூஜ்யம் வராது. எழுத்துகள் வந்தால் கடைசியில்தான் வரும், இரண்டுக்கு மேல் வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால் 'ஐ', 'ஓ' இரண்டும் அறவே கிடையாது. நடுவில் எழுத்தும் முடிவில் இலக்கமுமாக ஓர் எண் இருந்தால் அப்படியொரு விமானம் அமெரிக்காவில் இருக்க முடியாது.

இலக்கணம் சரியாக இருந்தால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏயின் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் இந்தப் பதிவகத்தின் விவரங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். மாடல், சீரியல் நம்பர், தயாரித்த வருடம், எஞ்சின், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, உரிமையாளர் யார் எல்லாம் வரும். 2025 முதல் தனிநபர் உரிமையாளர்கள் தங்கள் பெயர், முகவரியைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. பெயர் தெரியவில்லை என்பதற்காக மட்டும் சந்தேகப்பட வேண்டாம். பிரிட்டனில் ஜி-இன்ஃபோ என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. கனடா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து பதிவேடுகளும் திறந்தே இருக்கின்றன. ஜெர்மனியின் பதிவேட்டை வெளியாட்கள் அப்படித் தேட முடியாது. அந்நாட்டு விமானம் என்றால் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

பதிவேட்டில் இருக்கும் பெயரும் விற்கிறவர் பெயரும் வேறாக இருப்பது மட்டும் குற்றமாகிவிடாது. கம்பெனி பெயரிலோ டிரஸ்ட் பெயரிலோ விமானம் வைத்திருப்பது அமெரிக்காவில் சகஜம். ஆனால் அந்தக் கம்பெனிக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்பதை விற்கிறவர் ஒரு காகிதத்தைக் காட்டி விளக்க முடிய வேண்டும்.

கையோடு அதே எண்ணைப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பியின் விபத்துப் பதிவுகளிலும் தேடிவிடுங்கள். 1962 முதலான விபத்துகள் அதில் இருக்கின்றன. வயலில் விழுந்து நொறுங்கிப்போன விமானத்தின் பழைய அழகான படங்களை வைத்து வியாபாரம் பண்ணுகிறவர்கள் இந்த ஒரு தேடலிலேயே அகப்பட்டுக்கொள்வார்கள்.

எண்ணை மறைத்த படங்கள் வந்தால்? நேர்மையான ஆட்களும் மறைக்கிறார்கள், வீட்டு முகவரி வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்தான். தனியாகக் கேட்டால் அவர்கள் கொடுத்துவிடுவார்கள். கேட்ட பிறகும் டெபாசிட் வந்தால்தான் தருவேன் என்கிறவரிடம் பேச எதுவும் இல்லை.

எண்ணைத் திருத்தியிருந்தால்

சிலர் அசல் எண்ணை அழித்துவிட்டு வேறு எண்ணைப் படத்தின்மேல் எழுதுகிறார்கள். இங்கே பூதக்கண்ணாடிக்கு வேலை உண்டு. அலுமினிய விமானத்தின் உடலில் ரிவெட் வரிசைகளும் தகடுகள் சேரும் கோடுகளும் எழுத்தின் ஊடாகவும் ஓடியாக வேண்டும். ரிவெட்டுகள் எழுத்து வரைக்கும் வந்து, எழுத்துக்குள் காணாமல் போய், மறுபக்கம் மறுபடி முளைத்தால் அந்த எழுத்து படத்தின்மேல் ஒட்டப்பட்டது. உடல் வளைந்து வாலை நோக்கிக் குறுகும்போது எழுத்தும் கூடவே வளைந்து குறுக வேண்டும். வெயில் வெளுத்த பெயின்டில் எழுத்து மட்டும் புத்தம் புதிதாகப் பளிச்சென்று நின்றாலும் யோசிக்க வேண்டும்.

திருத்துகிறவர் மறந்துவிடுகிற இடங்கள் இன்னும் லாபகரமானவை. மழை பெய்த தரையில், பளபளக்கும் ஹேங்கர் தளத்தில் விழும் பிம்பத்தில் பழைய எண் அப்படியே இருக்கும். பல விமானங்களில் இன்ஸ்ட்ருமென்ட் பேனலில் டெயில் நம்பரைச் சின்னத் தகடாகவோ ஸ்டிக்கராகவோ ஒட்டியிருப்பார்கள், அதுவும் கண்ணில் படாமல் தப்பும். ஐரோப்பியப் பதிவு என்றால் சர்வதேச விதிப்படி இடது இறக்கையின் அடிப்பக்கத்திலும் எண் எழுதியிருக்க வேண்டும். பறக்கும்போது கீழிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். அமெரிக்காவில் இறக்கைக்கு அடியில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இடவலம் மாறிய விமானம்

திருட்டுப் படத்தைத் தேடுபொறி கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் திருப்பிப் போடுவது பழைய தந்திரம். எண்ணை அழித்துவிட்டால் சாதாரணக் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் விமானம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற பொருள் அல்ல.

பைப்பர் செரோக்கியில் பயணிகள் ஏறும் கதவு ஒன்றே ஒன்றுதான், வலது இறக்கைக்கு மேலே இருக்கும். பீச்கிராஃப்ட் பொனான்சாவிலும் மூனியிலும் அப்படியே. இடது இறக்கையில் ஏறிக் கதவைத் திறக்கிற மாதிரி ஒரு செரோக்கி படத்தில் நின்றால், படத்தைத் திருப்பியிருக்கிறார்கள். செஸ்னா 172-க்கு இரு பக்கமும் கதவு இருப்பதால் அங்கே வேறு அடையாளம் வேண்டும். காற்றினூடே விமானம் போகும் வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய் இடது இறக்கைக்குக் கீழே சின்னக் கொக்கிபோல நீட்டிக்கொண்டிருக்கும். விமானம் நம்மைப் பார்த்து நின்றால் அது நம் வலக்கைப் பக்கம் வர வேண்டும். இறக்கை நுனி விளக்குகளும் உதவும். எல்லா விமானத்துக்கும் இடது நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை. விளக்கு எரியாவிட்டாலும் பழைய விமானங்களில் கண்ணாடி மூடியின் நிறமே காட்டிக்கொடுக்கும். புதிய எல்இடி விளக்குகளில் மூடி நிறமில்லாமல் இருக்கலாம்.

திருப்பிய படம் என்று சந்தேகம் வந்தால், செல்போனிலேயே அதை மறுபடி இடவலம் மாற்றிச் சேமித்து, இரண்டு வடிவத்தையும் தேடிப் பாருங்கள். கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றிலும் தேட வேண்டும். ஒன்றில் அகப்படாதது இன்னொன்றில் அகப்படும். முழுப் படத்தோடு நிறுத்திவிடாமல் பேனலை மட்டும், வாலை மட்டும் வெட்டியெடுத்தும் தேடுங்கள். டெயில் நம்பர் கையில் இருந்தால் விமானப் படக்காரர்கள் சேர்த்துவைக்கும் ஜெட்ஃபோட்டோஸ் போன்ற சேகரிப்புகளிலும் பார்க்கலாம். அங்கே இருக்கும் படம் எங்கே, எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு இருக்கும். அதே படம் விளம்பரத்தில் அடிப்பகுதி மட்டும் வெட்டப்பட்டு வந்திருந்தால், வெட்டியது படம் எடுத்தவரின் பெயர்ப் பட்டையாக இருக்கக்கூடும்.

வருடம் பொருந்துகிறதா

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்கிற மாதிரி, செஸ்னா 172-இன் உடலைப் பார்த்தே வயது சொல்லலாம். 1956-இல் விற்பனைக்கு வந்தபோது அதன் வால் நேராக நிமிர்ந்து நின்றது, பின்பக்கம் ஜன்னல் கிடையாது. 1960 மாடலில் வால் பின்னோக்கிச் சாய்ந்தது. 1963 மாடலில்தான் பின் ஜன்னல் வந்தது. 1964 வரை இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்புகளை இறக்க இரண்டு இருக்கைக்கும் நடுவில் கைப்பிடி இருந்தது, 1965-இலிருந்து மின்சார ஸ்விட்ச். 1968-இல் கான்டினென்டல் எஞ்சின் போய் லைகாமிங் வந்தது. 1971-இல் தட்டையான சக்கரக் கால் போய்க் குழாய் வடிவக் கால் வந்தது. 1986-இல் தயாரிப்பை நிறுத்தி 1996-இல்தான் மறுபடி தொடங்கினார்கள். "1991 மாடல் செஸ்னா 172" என்று ஒரு விளம்பரம் வந்தால் படத்தையே பார்க்க வேண்டியதில்லை. மாடல் வருடம் நாள்காட்டியில் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிடும் என்பதால் ஓராண்டு முன்பின் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

செரோக்கியில் இறக்கையைப் பாருங்கள். பழைய செரோக்கிகளுக்கு அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலத்தில் சாக்லேட் கட்டி மாதிரி செவ்வக இறக்கை. நுனி குறுகிய இறக்கை அதே குடும்பத்தைச் சேர்ந்த 1974 மாடல் வாரியரோடுதான் வந்தது. 1970-களின் பைப்பர் சீரியல் நம்பரே வருடத்தையும் சொல்லும். 28-76 என்று தொடங்கினால் அது 1976 மாடல். விளம்பரத்தில் 1979 என்று போட்டு, தகட்டின் படத்தில் 28-76 இருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

காக்பிட்டுக்குள்

பேனல் படத்தில் நிறையச் சேதி இருக்கிறது, அவசரப்படாமல் பாருங்கள். விளம்பரத்தில் கார்மின் ஜிடிஎன் 650 ஜிபிஎஸ் கருவி இருப்பதாக எழுதிவிட்டு, படத்தில் அதைவிட ஒரு தலைமுறை பழைய ஜிஎன்எஸ் 430 இருந்தால் படம் பழையது, அல்லது விமானம் வேறு. ஓடிய நேரத்தைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டரையும் டாக்கோமீட்டரையும் பெரிதாக்கி மணிநேரத்தைக் குறித்துக்கொண்டு, விளம்பரத்தில் சொன்ன மணிநேரத்தோடு ஒப்பிடுங்கள். டாக்கோமீட்டரை மாற்றியிருந்தால் கணக்கு பொருந்தாமல் போகலாம், ஆனால் மாற்றியது லாக் புக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஜிபிஎஸ் கருவியை முடுக்கியதும் அதில் ஏற்றியிருக்கும் தரவுத்தளத்தின் தேதிகள் திரையில் வரும். வழிகாட்டித் தரவுகள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. யாராவது அந்தத் திரையோடு பேனலைப் படமெடுத்திருந்தால், படத்தின் வயதைக் கணக்கிட ஒரு பிடி கிடைத்துவிடும். தரவு புதுப்பிக்காத சோம்பேறி உரிமையாளர்களும் இருக்கிறார்கள் என்பதால் "இதற்கு முன்னால் எடுத்த படம் அல்ல" என்றுதான் சொல்ல முடியுமே தவிர, இன்றைய படம் என்று சொல்ல முடியாது.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களும் இப்போது வரத் தொடங்கிவிட்டன. வெளிப்புறத்தில் அவை ஆளை அசத்தும், பேனலுக்குள் வந்தால் தடுமாறும். திசை காட்டும் கருவியின் வட்டத்தில் வடக்குக்குரிய எழுத்துக்குப் பிறகு கடிகாரச் சுற்றில் 3, 6, கிழக்கு, 12, 15, தெற்கு, 21, 24, மேற்கு, 30, 33 என்ற வரிசை மாறவே மாறாது. உயரமானியில் 0 முதல் 9 வரை பத்து இலக்கம்தான். வரைந்த படத்தில் இவை குழம்பிக் கிடக்கும், பொத்தான்மேல் இருக்கும் எழுத்து எந்த மொழியிலும் சேராது. ஆனால் இந்தக் குறைகள் மாதத்துக்கு மாதம் குறைந்துவருகின்றன. இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

படத்தோடு வரும் கேமரா விவரங்களைப் பற்றி ஒரே வரி: வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலே அவை அழிந்துபோகும், ஆகவே அவை இல்லாதது எதையும் நிரூபிக்காது.

வீண் சந்தேகங்கள்

சுற்றும் ப்ரொப்பல்லர் வாழைப்பழம்போல வளைந்து, சில சமயம் எஞ்சினை விட்டுத் தனியே மிதப்பதுபோலத் தெரிவது போலியின் அடையாளம் அல்ல. செல்போன் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவு செய்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் ப்ரொப்பல்லர் நகர்ந்துவிடுவதால் வருவது அது. அகன்ற லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் இருக்கும் இறக்கை நீண்டு வளையும். தரகர்கள் சிலர் விமானத்தை வெட்டியெடுத்துச் செக்கச்சிவந்த சூரிய அஸ்தமனத்தின்மேல் ஒட்டிவைப்பார்கள். அசிங்கமாக இருக்கும், ஆனாலும் அது மோசடி ஆகாது. நல்ல விமானத்தை இப்படி ஒரு படத்துக்காக நழுவவிட வேண்டாம்.

இன்று எங்கே இருக்கிறது

அமெரிக்காவின் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளியில் 2020 ஜனவரி 1 முதல் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாமே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி வைத்திருக்க வேண்டும். அதனால் விமானங்களைப் பின்தொடரும் இணையதளங்களான ஃபிளைட்அவேரிலோ ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்சிலோ டெயில் நம்பரைப் போட்டால் அண்மைய பறத்தல்கள் தெரியும். ஆறு மாதமாக ஸ்காட்லாந்து ஹேங்கரில் நிற்பதாகச் சொல்லப்படும் விமானம் நேற்று அரிசோனாவில் பறந்திருந்தால் விசாரணை முடிந்தது. ஒன்றும் தெரியவில்லை என்பதால் விமானமே இல்லை என்று அர்த்தமில்லை. சில உரிமையாளர்கள் தங்கள் விவரத்தை மறைத்துவைத்திருப்பார்கள், வேறு பல விமானங்கள் மாதக்கணக்கில் பறப்பதே இல்லை.

படத்தின் பின்னணியும் இடத்தைச் சொல்லும். மலைத்தொடர், ஓடுதளப் பலகையில் உள்ள எண், பக்கத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட் வடிவம், எரிபொருள் லாரியில் எழுதியிருக்கும் மொழி இவற்றைக் கவனியுங்கள். விற்கிறவர் சொன்ன விமான நிலையத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் திறந்து, ஹேங்கர்களின் கூரை அமைப்பை ஒப்பிடுங்கள்.

கடைசிச் சோதனை

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை உள்ளது புதிய படம் கேட்பதில்தான். தேதி எழுதிய தாளை வைத்துப் படமெடுக்கச் சொல்வது ஒரு காலத்தில் போதுமாக இருந்தது. இப்போது அந்தத் தாளைப் படத்துக்குள் நுழைக்க ஒரு நிமிடம் போதும். எனவே விமானத்தோடு ஏதாவது செய்யச் சொல்லுங்கள். "இடது கதவு மட்டும் திறந்திருக்கட்டும், ஃபிளாப்பைப் பாதி இறக்குங்கள், எஞ்சின் ஆயில் பார்க்கும் மூடியைத் திறந்துவையுங்கள்" என்று கேட்கலாம். வீடியோ என்றால் நடுவில் வெட்டாமல் டெயில் நம்பரில் தொடங்கி, விமானத்தைச் சுற்றி வந்து, சீரியல் நம்பர் பொறித்த தகட்டைக் காட்டி, உள்ளே போய் மாஸ்டர் ஸ்விட்சைப் போட்டு முடிய வேண்டும். வீடியோ காலில் நேரடியாகச் செய்தால் இன்னும் நல்லது. ஹேங்கர் சாவி கையில் இருப்பவருக்கு இது சின்ன வேலை. வெளியூரில் இருந்தால் அங்கே இருக்கும் மெக்கானிக்கிடம் சொல்லிக்கூடச் செய்துவிடுவார். போலி ஆசாமியிடமிருந்து கோபமோ, புது சோகக் கதையோ, "இன்னொருவர் வாங்கத் தயாராக இருக்கிறார்" என்ற அவசரமோதான் வரும்.

வீடியோ சரியாக இருந்தாலும் அதோடு திருப்திப்பட்டுப் பணம் அனுப்பிவிடாதீர்கள். ஓக்லஹோமா சிட்டியில் இதற்கென்றே இருக்கும் டைட்டில் கம்பெனிகளில் ஒன்றிடம் உரிமை ஆவணங்களையும் நிலுவைக் கடன்களையும் தேடச் சொல்லுங்கள். விற்பனை முடியும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ நிறுவனத்தையும் நீங்களே தேர்ந்தெடுங்கள், விற்கிறவர் அனுப்பும் இணைப்பைத் தொட வேண்டாம். பணம் கைமாறும் முறை அடுத்த அத்தியாயத்தில் வருகிறது.

மோசடி என்று உறுதியானால் விளம்பரத்தின் நகல், படங்கள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் சேமித்துவைத்த பிறகே புகார் செய்யுங்கள். சில மணி நேரத்தில் விளம்பரம் மறைந்துவிடும். அமெரிக்காவில் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையமான ஐசி3-இல் பதியலாம். இந்தியாவிலிருந்து பணம் போயிருந்தால் உடனே வங்கியையும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐயும் அழையுங்கள். ஒருவேளை பதிவேட்டில் முகவரி இருந்தால், அசல் உரிமையாளருக்கும் ஒரு கடிதம் போட்டு, விளம்பரத்தின் நகலை அதோடு இணைத்து அனுப்புங்கள். தன் விமானம் இன்னொருவர் பெயரில் விலை பேசப்படுவது பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.